மறதிக்கு மருந்து செடியில் இருக்கிறதா?

ஒரு காலத்தில் ஞாபகசக்தி மருந்துகளுக்கு மார்ச் மாதம்தான் சீசன். பிளஸ் டூ பையன்களைப் பெற்றவர்கள்தான் வாடிக்கையாளர்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பிரமிச் செடியிலிருந்து தயாரித்த சத்து, 1990களில் 'மெமரி பிளஸ்' என்ற பெயரில் ஒரு சென்னைக் கம்பெனி மூலம் கடைக்கு வந்தபோது, விளம்பரத்தில் செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தோன்றினார். ஆனந்தின் நினைவாற்றல் நம் பிள்ளைக்கும் வாய்க்கட்டும் என்று வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் பலர்.

இன்று அதே செடிகள் வேறு வாடிக்கையாளரைக் கண்டுபிடித்துவிட்டன. பேரன் போய் தாத்தா வந்துவிட்டார். லேபிளில் உள்ள வாசகமும் மாறியிருக்கிறது. 'ஞாபகசக்தி பெருகும்' என்று சொன்ன பாட்டில்கள் இப்போது 'மூளை அழற்சியைத் தணித்து நினைவைக் காக்கும்' என்கின்றன. மஞ்சள், பிரமி, வல்லாரை, அசுவகந்தா எல்லாம் ஒரே மாத்திரையில் அடக்கம். ஒரு மாதத்துக்கான விலையைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் மறதி வந்தால் தேவலை என்று தோன்றும்.

இந்த வியாபாரத்தின் பின்னால் இருக்கும் பயம் நியாயமானது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற நினைவிழப்பு நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பெற்றோர் ஸ்ரீரங்கத்திலோ மாம்பலத்திலோ தனியாக இருக்க, பிள்ளைகள் புனேயிலும் நொய்டாவிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அம்மா ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் மூன்றாவது முறை கேட்கிறாள். பிள்ளைக்கு வயிற்றில் ஏதோ புரள்கிறது. அன்று ராத்திரியே ஒரு பாட்டில் ஆர்டர் செய்துவிடுகிறான். பாசமும் பயமும் சேர்ந்து வாங்கும் பொருளுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

அந்த லேபிளில் உள்ள வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலில், மூளை அழற்சி.

இது விற்பவர்கள் கற்பனை செய்த சமாச்சாரம் அல்ல. மூளைக்குள் மைக்ரோக்ளியா என்ற சிறிய செல்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்டேகா 1919இல் இவற்றைத் தனியாக அடையாளம் காட்டினார். இவற்றை நம் குடியிருப்புகளில் இரவில் விசில் ஊதியபடி சுற்றும் கூர்க்காவுக்கு ஒப்பிடலாம். கிருமி நுழைந்தால் துரத்துவது, செத்த செல்களை அப்புறப்படுத்துவது, குப்பையை விழுங்குவது எல்லாம் இவற்றின் வேலை. அல்சைமர் நோயில் அமிலாய்ட் என்ற புரதக் குப்பை மூளையில் படிந்துகொண்டே போகிறது. கூர்க்கா எவ்வளவு அள்ளினாலும் தீருவதில்லை. ஒரு கட்டத்தில் அவருக்கு நிதானம் தவறிவிடுகிறது. திருடனை அடிக்க வேண்டிய தடியால் குடியிருப்பவர்களையே அடிக்கத் தொடங்குகிறார். அழற்சியை உண்டாக்கும் ரசாயனங்கள் ஓயாமல் சுரக்க, நரம்பு செல்களின் இணைப்புகள் அறுந்துபோகின்றன. நினைவு குடியிருப்பது அந்த இணைப்புகளில்தான்.

2013இல் இந்த மைக்ரோக்ளியாவின் வேலையோடு தொடர்புள்ள ட்ரெம்2 என்ற மரபணுவில் ஒரு மாறுதல் இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அழற்சி என்பது நோயின் விளைவு மட்டுமல்ல, காரணங்களிலும் ஒன்று என்ற கருத்து வலுத்தது. இதுவரை லேபிள் சொல்வது சரி.

ஆனால் ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலே சொன்னது வருடக்கணக்கில் மெல்லப் புகையும் அழற்சி. திடீரென்று பற்றி எரியும் அழற்சியும் உண்டு, என்சஃபலைடிஸ் என்கிறார்கள். கொசு மூலம் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்த ரகம். ஹெர்பிஸ் வைரஸ் தாக்கினால் நினைவுக்குப் பொறுப்பான பகுதியையே குறிபார்த்து அழிக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையின் மேல் பாயும் ஒரு வகையை 2007இல் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். நன்றாக இருந்த இளம்பெண் சில நாளில் உளறவும் வலிப்பில் விழவும் ஆரம்பிப்பாள், வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். இவற்றில் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் ஊசியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்களோ அவ்வளவு மூளை மிஞ்சும். காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, ஓரிரு நாளில் ஆளே மாறிப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இனி லேபிளின் இரண்டாம் பாதி. அழற்சியைத் தணித்தால் நினைவு காக்கப்படுமா? கேட்பதற்கு வெகு நியாயமாக இருக்கிறது. இதே நியாயத்தை நம்பி அலோபதி ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறது.

மூட்டுவாதத்துக்காகப் பல வருடம் அழற்சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருகிறது என்று 1990 வாக்கில் சிலர் கவனித்தார்கள். 2001இல் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த பெரிய ஆய்வும் அதையே காட்டியது. சரி, நேரடியாகச் சோதித்துவிடுவோம் என்று அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய, குடும்பத்தில் அல்சைமர் இருந்த 2,500க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாப்ராக்சன், ஒரு பகுதியினருக்கு செலிகாக்சிப், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்ற கவலையில் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்தினார்கள். கணக்குப் பார்த்தபோது நினைவு காக்கப்பட்டதற்கு அடையாளமே இல்லை. இத்தனைக்கும் இரண்டுமே அழற்சியைத் தணிப்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாத மருந்துகள்.

ஆகவே 'அழற்சியைத் தணிக்கும்' என்பதற்கும் 'நினைவைக் காக்கும்' என்பதற்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. பாலம் கட்ட வேண்டுமானால் மனிதர்களிடம், போதிய எண்ணிக்கையில், போதிய காலம் சோதித்துப் பார்த்தாக வேண்டும். எலி தாண்டியது என்பதற்காக நாம் தாண்டிவிட முடியாது.

மஞ்சளிலிருந்து தொடங்குவோம். 2001இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், அல்சைமர் வரும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். எலிகளின் மூளையில் அழற்சியும் குறைந்தது, அமிலாய்டும் குறைந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, டில்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவின் பல்லப்கரில் உள்ள கிராமங்களைப் பற்றியது. அங்கே 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரில் வருடத்துக்குப் புதிதாக அல்சைமர் வருபவர்கள் ஐந்து பேருக்கும் குறைவு. ஒப்பிட எடுத்துக்கொண்ட அமெரிக்கப் பகுதியில் 17.5 பேர். இரண்டு செய்திகளையும் யாரோ ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். 'மஞ்சள் சாப்பிடுவதால்தான் இந்தியர்களுக்கு அல்சைமர் வருவதில்லை' என்ற வாக்கியம் பிறந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அது உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பல்லப்கர் கிராமங்களில் குறைவாக இருந்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்: நோய் வந்தவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவது, அபாயம் கூட்டும் மரபணு குறைவாக இருப்பது, கிராமத்து உடல் உழைப்பு என்று பல. மஞ்சளை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. போகட்டும், மேலே சொன்ன 88 லட்சம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் வாழ்நாள் முழுவதும் மஞ்சள் போடாத சாம்பாரும் தாலும் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மஞ்சளின் பெரிய தொல்லை, அது உடம்பில் தங்குவதில்லை. சாப்பிட்ட குர்குமினில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. தாண்டியதையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சுவாரசியமான சோதனை செய்தார்கள். 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கூடவே மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுத்த பாட்டிகளுக்கு இது பெருமைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 2 கிராம் குர்குமினுக்கு அறுபது எழுபது கிராம் மஞ்சள் தூள் வேண்டும். எந்தப் பாட்டியும் அவ்வளவு போட்டதில்லை. தவிர, ஒன்றுமில்லாததை இருபதால் பெருக்கினாலும் கிடைப்பது கொஞ்சம்தான்.

மனிதர்களிடம் செய்த சோதனைகள்? லாஸ் ஏஞ்சலிஸிலேயே அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். பலனில்லை, ரத்தத்தில் மருந்தின் அளவும் மிகச் சொற்பம். 2018இல் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று வந்தது. எளிதில் சேரும்படி பக்குவப்படுத்திய குர்குமினை, டிமென்ஷியா இல்லாத நடுத்தர, முதிய வயதுக்காரர்களுக்குத் தினமும் இருவேளை 90 மில்லிகிராம் வீதம் 18 மாதம் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் நினைவுத் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் எல்லாரும் சேர்ந்து மொத்தம் 40 பேர். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. இதை வைத்துக்கொண்டு நாட்டுக்கே மருந்து எழுத முடியாது.

2017இல் மருந்து வேதியியல் நிபுணர்கள் குர்குமின் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் புரட்டிப் பார்த்து இன்னொரு விஷயத்தைச் சொன்னார்கள். குர்குமின் தானே ஒளிரும் தன்மை கொண்டது. பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால் சோதனைக்குழாயில் வேலை செய்யாமலே வேலை செய்வது போலத் தோன்றும். நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும் மறுக்க முடியாத வெற்றி ஒன்றுகூட இல்லை என்றும் எழுதினார்கள்.

பிரமியின் கதை கொஞ்சம் மேல். ஆனால் முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தமிழில் நீர்ப்பிரமி என்பது ஈரமான இடங்களில் படரும், தடித்த சின்ன இலைகளும் வெளிர் நிறப் பூவும் கொண்ட செடி. வல்லாரை என்பது வட்ட இலைக் கீரை. சம்ஸ்கிருதத்தில் இதற்கு மண்டூகபர்ணி என்று பெயர். இரண்டும் வேறு வேறு குடும்பம், வேறு வேறு சத்து. ஆனால் வடக்கே பல ஊர்களில் இரண்டையுமே 'பிராமி' என்றுதான் விற்கிறார்கள். டில்லியிலோ லக்னோவிலோ உள்ள தமிழர் பிரமி கேட்டு வல்லாரை வாங்கி வருவது சர்வசாதாரணம். பாட்டிலில் தாவரவியல் பெயரைப் பார்க்க வேண்டும்: நீர்ப்பிரமி என்றால் பகோபா மொன்னியேரி, வல்லாரை என்றால் சென்டெல்லா ஏசியாட்டிகா.

நீர்ப்பிரமியின் முக்கியமான சத்து பகோசைடு எனப்படுவது. லக்னோ நிலையத்தின் எச்.கே. சிங், பி.என். தவன் ஆகியோர் 1980களிலிருந்து எலிகளிடம் இதைச் சோதித்து, ஒவ்வொரு மாத்திரையிலும் பகோசைடு குறிப்பிட்ட அளவில் இருக்கும்படி நிர்ணயித்தார்கள். மூலிகை ஆராய்ச்சியில் இது பெரிய காரியம். மழைக்காலத்தில் பறித்த செடியும் கோடையில் பறித்த செடியும் ஒன்றல்ல. தண்ணீரில் காய்ச்சுவதும் ஆல்கஹாலில் வடிப்பதும் ஒன்றல்ல. எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதற்கு என்று கேட்கவே முடியும்.

அளவு தெரிந்ததும் வெளிநாட்டவரும் சோதித்தார்கள். 2001இல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான 46 பேருக்குத் தினம் 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்ததில் கற்கும் வேகம் கூடியது. 2002இல் அங்கேயே 40 முதல் 65 வயதுவரை உள்ள 76 பேரிடம், புதிதாகப் படித்ததை மறக்கும் வேகம் குறைந்தது. 2008இல் அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 54 பேரிடமும் நல்ல பலன். சில பேருக்கு வயிற்றுப் புரட்டலும் அடிக்கடி வெளியே போவதும் தவிரப் பெரிய கெடுதல் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பலன் தெரிய 12 வாரம் ஆகிறது. பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு வாங்குவது பாட்டிலுக்கு மட்டுமே லாபம். இரண்டு, சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். டிமென்ஷியா வந்தவர்களுக்கும் உதவும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. மூன்று, பிரமி மூளை அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லும் சான்றுகள் செல்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. மனிதரிடம் கண்ட சிறிய முன்னேற்றத்தையும் எலியிடம் கண்ட அழற்சிக் குறைவையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதுவதுதான் லேபிள் எழுதுபவரின் சாமர்த்தியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வல்லாரை பற்றிய மனிதச் சோதனைகளை 2017இல் தொகுத்துப் பார்த்தவர்கள், நினைவை மேம்படுத்துவதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அமுக்கரா என்கிற அசுவகந்தாவை லேசான மறதி உள்ள 50 பேரிடம் எட்டு வாரம் சோதித்ததில் பலன் தெரிந்தது; அதுவும் சின்ன சோதனை. தைராய்டைப் பாதிக்கக்கூடும் என்ற கவலையில் டென்மார்க் 2023இல் அசுவகந்தா விற்பனையையே தடை செய்தது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

சின்ன சோதனைகளை ஏன் இவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்று கேட்கலாம். கிங்கோவின் கதைதான் பதில். சீன மரமான கிங்கோவின் இலைச் சத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஞாபகசக்திக்காகக் கோடிக்கணக்கில் விற்றது. சின்னச் சின்ன சோதனைகள் பலவும் சாதகமாகவே இருந்தன. கடைசியில் அமெரிக்க அரசின் பணத்தில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரிடம் ஆறு வருடம் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஒன்றுமில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு டிமென்ஷியா. கிங்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு. 2012இல் ஃபிரான்சில் 2,800க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையும் கிங்கோவைக் கைவிட்டது.

இதனால் செடியிலிருந்து மூளைக்கு மருந்தே வராது என்று அர்த்தமல்ல. இன்று நரம்பியல் நிபுணர்கள் அல்சைமருக்கு எழுதும் காலன்டமின், பல்கேரியாவில் 1950களில் பனித்துளிப் பூச்செடியின் வகைகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில் வளர்ந்தது. ரிவாஸ்டிக்மினின் மூதாதை, குற்றவாளியா என்று அறிய நைஜீரியாவில் விஷப் பரீட்சைக்குக் கொடுத்த கலாபார் விதையில் உள்ள ரசாயனம். இரண்டும் நோயைக் குணப்படுத்துவதில்லை, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கின்றன. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு டாக்டர்கள் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் தன் நோயாளிகளின் அனுபவத்தை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. ரிசர்பின் பிறந்தது. பழைய நூலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்காது.

1995இல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தபோது நமக்குக் கோபம் வந்தது. நமது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். மஞ்சள் நம்முடையது என்று நிரூபித்தோம். மஞ்சள் என்ன செய்யும், என்ன செய்யாது என்று நிரூபிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. ஊரறிந்த செடிக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதால் எந்தக் கம்பெனியும் மூவாயிரம் பேரை ஆறு வருடம் சோதிக்கப் பணம் போடாது. அரசாங்கம்தான் போட வேண்டும். பிரமிக்கு அப்படி ஒரு சோதனை நடத்துவதற்கு இந்தியாவைவிடப் பொருத்தமான நாடு வேறு எது?

அதுவரை என்ன கெட்டுவிட்டது, மூலிகைதானே, சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்பவர்களுக்குச் சில தகவல்கள். அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரின் விவரம் 2022இல் வெளியானது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் செறிவூட்டிய மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சேராத பொருளைச் சேர வைத்தால் அதன் கெடுதலும் சேரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் கிங்கோவையும் செறிவான மஞ்சளையும் சேர்த்தால் ரத்தக்கசிவு வரக்கூடும்.

இன்னொன்று கலப்படம். மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வர லெட் குரோமேட் என்ற ஈய ரசாயனத்தைத் தடவும் வழக்கத்தை பங்களாதேஷில் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்த, அந்த அரசாங்கம் 2019இல் கடும் நடவடிக்கை எடுத்தது. 2024இல் வெளியான தெற்காசிய ஆய்வு ஒன்றில் பாட்னாவில் வாங்கிய மாதிரிகளில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. ஈயம் மூளையை நேரடியாக அழிக்கும் விஷம். மூளையைக் காக்க வாங்கிய பொருளில் அது இருந்தால் என்ன சொல்வது? 2004இல் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் காலம்தான். முதியவர்களின் மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவினால் மறதி வரும். சுத்த சைவக்காரர்களுக்கும், சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் இது சகஜம். தைராய்டு குறைந்தால் வரும். மனச்சோர்வு மறதி வேஷம் போட்டு வரும். தூக்க மாத்திரையும் சளிக்குச் சாப்பிடும் பழைய ரக மாத்திரைகளும் வயதானவர்களைக் குழப்பிவிடும். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருந்தாலும் வரும். இவையெல்லாம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. சில ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன். இவற்றைச் செய்யாமல் ஆறு மாதம் பாட்டிலை நம்பியிருந்தால், சரியாகியிருக்கக்கூடிய மறதி நிரந்தரமாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

வராமல் தடுக்க ஏதாவது உண்டா என்றால், உண்டு. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, பருமன், சிகரெட், குடி, நடமாட்டமின்மை, தலைக்காயம், காற்றின் அழுக்கு, படிப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, காது மந்தம், கண் மங்கல். இந்தப் பட்டியலில் பல மூளையின் அழற்சியையும் தூண்டிவிடுபவைதான். காது கேட்காத அப்பாவுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுப்பது, அம்மாவின் கண்புரையை அகற்றுவது எல்லாம் ஞாபகசக்தி வைத்தியம் என்று யாரும் நினைப்பதில்லை. அவற்றுக்கு டிவியில் விளம்பரமும் வருவதில்லை.

பிரமி சாப்பிட்டே தீருவது என்று இருப்பவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கட்டும்: தாவரவியல் பெயர், சத்தின் அளவு சதவீதத்தில், ஈயம் போன்ற உலோகங்களுக்குச் சோதித்த சான்று, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு டாக்டரின் சம்மதம். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். வல்லாரைத் துவையலுக்கு இந்த நிபந்தனை எதுவும் இல்லை. நல்லெண்ணெயும் புளியும் சேர்த்து அரைத்தால் சாதத்துக்கு அருமையாக இருக்கும், கீரைக்குள்ள நன்மை நிச்சயம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டிலோடு கூட ஒரு நாள் லீவையும் எடுத்துப் போங்கள். காலையில் வெறும் வயிற்றில் பி12, தைராய்டு, சர்க்கரை பார்த்துவிட்டு, பத்து மணிக்கு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், எப்போதிலிருந்து மறதி, எது மறக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சொல்லுங்கள். போனில் மூன்றாவது முறை அதே கேள்வியைக் கேட்டாளே, அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.